பதினைந்தரை அங்குலம்

காலை எட்டு மணியானால் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். கடை திறக்கப் பத்து மணி ஆகும். அதற்குள் மாமியாருக்குப் பிரஷர் பார்த்தாக வேண்டும்.

சீருடை தைக்கும் கடையில் அவர் கட்டிங் மாஸ்டர். இருபத்திரண்டு வருடமாகத் துணி வெட்டுகிறார். ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போதே தோள் பதினெட்டு, மார்பு நாற்பது என்று மனசுக்குள் ஓடிவிடும். அப்புறம் டேப்பைப் போட்டால் அரை அங்குலம்கூட முன்னே பின்னே இருக்காது. அப்பேர்ப்பட்டவருக்குத்தான் தானே ஊதி, தானே அளந்து, தானே நம்பர் காட்டும் கையகல மெஷின் ஏழு வாரமாகத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

மாமியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். ஒரு நாள் மார்க்கெட்டில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். பிரஷர் அதிகம், தனியாக இருக்க வேண்டாம் என்று சொன்னார்கள். அரை மனதாக மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பக்கத்துத் தெரு டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, "காலையும் சாயங்காலமும் பிரஷர் பாத்து ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க" என்றார். கடல் கடந்து வேலை பார்க்கும் மைத்துனன் மூன்றே நாளில் மெஷினை அனுப்பி வைத்தான். மாஸ்டரின் மனைவிக்கு மின்சார அலுவலகத்தில் புகார் கேட்கும் வேலை. விடிந்ததும் விடியாததுமாக ஆறு மணிக்கே கிளம்பிவிடுவாள்.

"நீங்கதானே பத்து மணி வரைக்கும் வீட்ல இருக்கீங்க. பட்டையைச் சுத்தி, பட்டனை அமுக்கினா முடிஞ்சுது" என்றாள்.

முடியவில்லை. முதல் நாளே பட்டையைச் சுற்றினால் மாமியாரின் கையில் முனையோடு முனை தொட்டும் தொடாமலும் நின்றது. இழுத்து ஒட்டினார். மெஷின் உர்ரென்று ஊதியது. பாதியில் வெல்க்ரோ சரக்கென்று பிய்த்துக்கொண்டது. திரையில் ஒரு கோணல் எழுத்து வந்தது. மறுபடி ஒட்டினார், மறுபடி பிய்ந்தது. நாலாவது தடவை மாமியார் கையை இழுத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, இது பிரஷர் பாக்கற மெஷினா, பிழியற மெஷினா? கை வலிக்குது."

"கொஞ்சம் பொறுத்துக்குங்க அத்தை."

அன்றைக்கு மாஸ்டர் பட்டையை மட்டும் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போனார். வெல்க்ரோ பிடிக்கவில்லை என்றால் நீட்டிவிட வேண்டியதுதானே. இதெல்லாம் அவருக்கு ஒரு வேலையா. அதே நிறத்தில் கெட்டித் துணி எடுத்து, நாலு அங்குலம் ஒட்டுப்போட்டு, மேலே புது வெல்க்ரோ வைத்து, ஓரம் மடித்து இரட்டைத் தையல் போட்டார். கம்பெனியிலிருந்தே அப்படி வந்ததோ என்று தோன்றும். சாயங்காலம் மாட்டிப் பார்த்தார். பட்டை கல்லு மாதிரி நின்றது. மெஷின் முழுசாக ஊதி, முழுசாக இறங்கி, மூன்று நம்பர் காட்டியது. மேலே 164, கீழே 98, அதற்கும் கீழே நாடித்துடிப்பு 76. மாஸ்டருக்கு அப்பாடா என்று இருந்தது. நோட்டில் கட்டம் போட்டு, தேதி, நேரம், மூன்று நம்பர் என்று அச்சடித்த மாதிரி எழுதினார்.

அதிலிருந்து தினமும் இரண்டு வேளை அதே கூத்துதான். மாமியார் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்காருவார். மெஷின் ஊத ஆரம்பித்ததும் பேச ஆரம்பிப்பார். மெஷின் நிற்கும் வரைக்கும் நிறுத்த மாட்டார்.

"நேத்து நூத்தி அறுபத்தெட்டு. அடுத்த நிமிஷம் எடுத்தா நூத்தி ஐம்பத்தி நாலு. ஒரே ஆளு, ஒரே கை. எது சரி? என் வகுப்புல ஒரு பொண்ணு இப்படி ரெண்டு விடை எழுதினா ரெண்டுக்கும் சுழிதான் போடுவேன். ஐயோ, வலிக்குது மாப்பிள்ளை, நிறுத்துங்க."

"இன்னும் பத்து எண்ணறதுக்குள்ள முடிஞ்சிடும் அத்தை."

வலிக்கிறது என்பதை அவர் சொல்லாத நாளே இல்லை. மாஸ்டர் அதை ஒரு பிடிவாதம் என்றே எடுத்துக்கொண்டார். சாப்பாட்டில் உப்பு இல்லை, ஜன்னலில் காற்று இல்லை, தலையணையில் பஞ்சு இல்லை என்று அவர் அடுக்கும் குறைகளில் இதுவும் ஒன்று.

டாக்டரிடம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போனார்கள். வாசலில் உதவியாளர் பெண் சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, ஊதி, ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கி உள்ளே அனுப்புவாள். டாக்டர் நோட்டை வாங்கி முதல் பத்தியை மேலிருந்து கீழ் விரலால் தடவுவார். "குறையலையே" என்பார். முதல் தடவை இன்னொரு மாத்திரை சேர்த்தார். அடுத்த தடவை அதைக் கூட்டினார். ஆறாவது வாரம் மூன்றாவது மாத்திரை வந்தது. நோட்டு நல்லா இருக்கு என்று மாஸ்டரைப் பாராட்டவும் செய்தார். மாஸ்டருக்கு அன்று உச்சி குளிர்ந்துபோனது.

மாத்திரை ஏற ஏற மாமியாரின் குரல் இறங்கியது. முன்பெல்லாம் பத்து மணிக்கு மாஸ்டரை வாசலில் நின்று வழியனுப்புகிறவர், இப்போது படுத்தபடியே கையை ஆட்டினார். எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிரஷர் குறையாததால்தான் தலைசுற்றல் என்று மாஸ்டர் நினைத்தார். மைத்துனனும் அப்படியே நினைத்தான். அவனுக்குத் தினமும் நம்பரைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் போன் வரும்.

"மாமா, உப்பை இன்னும் குறைங்க. அம்மா திருட்டுத்தனமா எதாவது சாப்பிடறாங்களான்னு பாருங்க."

"நான் என்னப்பா காவல்காரனா? இருக்கறதே உப்பு சப்பில்லாத சாப்பாடு."

"அப்புறம் எப்படி மாமா நூத்தி ஐம்பதுலயே நிக்குது?"

அன்று ராத்திரி மாஸ்டர் மனைவியிடம் எரிந்து விழுந்தார். "ஊர்ல இருக்கற புகாரெல்லாம் கேக்கறே, உங்கம்மா சொல்றதை ஒரு நாள் உக்காந்து கேளு" என்றார். அவள் பதிலுக்கு, "நான் கேட்டா கரண்ட் வரும். அம்மா பிரஷர் இறங்குமா?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

ஏழாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மெஷின் 148, 90 என்று காட்டியது. வந்ததிலேயே இதுதான் குறைவு. மாஸ்டர் சந்தோஷமாக எழுதிக்கொண்டிருந்தார். மாமியார் கட்டிலை விட்டு எழுந்து முகம் கழுவ நடந்தார். நாலடி போயிருப்பார். மரம் சாய்வது போலச் சத்தமே இல்லாமல் பக்கவாட்டில் சரிந்தார். மாஸ்டர் பென்சிலைப் போட்டுவிட்டு ஓடினார். இடது மணிக்கட்டு கோணலாக மடிந்திருந்தது. கண்ணைத் திறந்தபோது மாமியார் முனகினார்.

"சொன்னேனே மாப்பிள்ளை."

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, எதற்கும் அவசரப்படாத கை. மாமியாரின் வலது கையைப் பார்த்தார், சுவரில் தொங்கிய பட்டையை எடுத்தார், திரும்ப மாட்டினார். அடுக்கின் அடியிலிருந்து அகலமான வேறொன்றை உருவிச் சுற்றினார். படுத்த நிலையில் 118 வந்தது. மெதுவாக எழுப்பி உட்காரவைத்து, அப்புறம் இரண்டு பேராகப் பிடித்து நிற்கவைத்துப் பார்த்தார். 92. மாமியாரின் கண் செருகியது. உடனே படுக்கவைத்தார்கள்.

"தப்பா இருக்கும் சிஸ்டர்" என்றார் மாஸ்டர். "அரைமணி நேரம் முன்னாடிதான் நூத்தி நாப்பத்தெட்டு. நானே பாத்தேன். நோட்டு இருக்கு."

நர்ஸ் நோட்டை வாங்கினார். டாக்டர் மாதிரி முதல் பத்தியைத் தடவவில்லை. கடைசிப் பத்தியில் விரலை வைத்தார்.

"நாடித்துடிப்பு எழுபத்தாறுல ஆரம்பிச்சு ஐம்பதுக்கு வந்திருக்கு. இதை யாரும் பாக்கலையா?"

"நான் எழுதியிருக்கேனே."

"எழுதியிருக்கீங்க சார். பாத்தீங்களான்னு கேட்டேன்."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அந்த மூன்றாவது நம்பரை மெஷின் காட்டியது, அவர் எழுதினார், அவ்வளவுதான். இவ்வளவு மெதுவாகத் துடிக்கிறதே என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

"வீட்டு மெஷினைக் கொண்டு வாங்க" என்றார் நர்ஸ்.

மாமியாருக்குக் கட்டுப் போட்டு வார்டுக்கு மாற்றினார்கள். மறுநாள் காலை மாஸ்டர் மெஷினோடு போனார். நர்ஸ் பெட்டியிலிருந்து பட்டையை எடுத்து விரித்தார். புரட்டினார். ஒட்டுப்போட்ட இடத்தில் நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"இது கம்பெனித் தையல் இல்லையே. யார் தைச்சது?"

"நான்தான். வெல்க்ரோ நிக்கலை. அதான் நீட்டிவிட்டேன்." சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"அழகா தைச்சிருக்கீங்க" என்றார் நர்ஸ். சிரிக்கவில்லை. "அம்மாவோட மேல்கை சுற்றளவு எவ்வளவு இருக்கும்?"

"பதினஞ்சரை இஞ்ச்" என்றார் மாஸ்டர், யோசிக்காமல். மாமியாரின் சட்டைகளை அவர்தான் வெட்டுகிறார்.

நர்ஸ் டேப்பை எடுத்துச் சுற்றிப் பார்த்தார். முப்பத்தொன்பது செண்டிமீட்டர். அப்புறம் பட்டையின் உள்பக்கம் சின்னதாக அச்சடித்திருந்ததைக் காட்டினார். 22-32. அந்த எண்ணை மாஸ்டர் தையல் போடும்போது பார்த்திருந்தார். மாடல் நம்பர் என்று நினைத்திருந்தார்.

"இந்தப் பட்டை முப்பத்திரண்டு வரைக்கும்தான். உள்ள இருக்கற காத்துப் பை கையைச் சுத்திப் போதுமான அளவு வரணும். இவங்க கைக்கு அது பாதிதான் வருது. பை சின்னதா இருந்தா ரத்தக் குழாயை அமுக்க ரொம்ப அழுத்தம் தேவைப்படும். அந்த அழுத்தத்தைத்தான் மெஷின் நம்பரா காட்டுது. உள்ளதைவிடக் கூடக் காட்டும். வலிக்கவும் செய்யும்."

அவர் சொல்லிவிட்டு நிற்கவில்லை. மாமியாரை முதுகு சாய்த்து உட்காரவைத்து, கால் இரண்டையும் தரையில் பதிய வைத்து, கையை நெஞ்சு உயரத்துக்குத் தலையணையில் வைத்தார். ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது என்றார். முதலில் மாஸ்டர் தைத்த பட்டையைக் கட்டினார். 144. கொஞ்சம் பொறுத்து ஆஸ்பத்திரியின் பெரிய பட்டை. 120.

"பேசிக்கிட்டே பாத்திருந்தா இன்னும் ஏறியிருக்கும்."

"பேசிக்கிட்டேதான் பாத்தோம்" என்றார் மாஸ்டர். "அது அதும்பாட்டுக்குப் பிய்ச்சுக்கிட்டேதான் இருந்தது சிஸ்டர். நான்தான் விடாம தைச்சேன். தைக்காம விட்டிருந்தா?"

"மெஷின் வேலை செஞ்சிருக்காது. யார்கிட்டயாவது கேட்டிருப்பீங்க."

நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மாஸ்டர் வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்தார். கைக்குத் துணி பத்தாது என்று எத்தனை வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பி வேறு துணி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். பத்தாத துணியை ஒட்டுப்போட்டு ஏமாற்றாதே என்று கடையில் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார். ஏழு வாரம், தொண்ணூற்றுச் சொச்சம் தடவை, அந்தக் கையை அவரே பிடித்துச் சுற்றினார். ஒரு மனுஷி வலிக்கிறது வலிக்கிறது என்று கத்த, அவர் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பொத்தானை அமுக்கினார். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் முதலில் மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"அளவு பாக்காம எதுக்குப்பா வாங்கி அனுப்பினே?"

"நல்ல மெஷின்னு எல்லாரும் எழுதியிருந்தாங்க மாமா. அதுல சைஸ் இருக்கும்னு எனக்கெப்படித் தெரியும்? நீங்க தையல்காரர், உங்களுக்கே தெரியலையே."

மாஸ்டர் போனை வைத்துவிட்டார். மனைவி மத்தியானம் வந்து எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை, திட்டவில்லை. "கேக்காம எதுக்குங்க தைச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

சாயங்காலம் மாமியாரிடம் தனியாக இருந்தபோது மாஸ்டர், "அத்தை, நான் உங்களை நம்பியிருக்கணும்" என்று ஆரம்பித்தார்.

"ஆமா, நம்பியிருக்கணும்." அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "நானும்தான் நாலு நாள்ல முரண்டு பண்ணி நிறுத்தியிருக்கணும். வீடு உங்க வீடு, மெஷின் மகன் மெஷின். எத்தனை சண்டை போடறது? போங்க, கடையைப் பாருங்க."

அந்த வார்த்தை மாஸ்டருக்கு இரண்டு நாள் சாப்பாட்டை இறங்கவிடவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு மாத்திரையை நிறுத்தி, ஒன்றை மட்டும் தொடரச் சொல்லி அனுப்பினார்கள். மாஸ்டர் தேடி அலைந்து சரியான அளவுப் பட்டை வாங்கினார். தைத்ததை எடுத்துக் குப்பையில் போட்டார். வீட்டில் இப்போது காலை ஐந்து நிமிடம் மயான அமைதி. மாமியாருக்குப் பேசாமல் இருப்பதுதான் இப்போது பெரிய வைத்தியம். நம்பர் 130, 134 என்று வந்தது. நாடி அறுபத்தெட்டு. சுவரைப் பிடிக்காமல் நடந்தார். ஜன்னலில் காற்று இல்லை என்று மறுபடி சொல்ல ஆரம்பித்தார்.

பத்து நாள் கழித்துப் பக்கத்துத் தெரு டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. மாஸ்டர் மெஷினைப் பையில் எடுத்துக்கொண்டார். உதவியாளர் பெண் வழக்கம்போலத் தன் பட்டையோடு சட்டைக் கைக்கு மேலே வந்தாள்.

"இது அத்தைக்குப் பத்தாதும்மா. பெருசு இருக்கா?"

"எங்ககிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். எல்லாருக்கும் இதுலதான் பாக்கறோம்."

"எல்லாருக்குமா?"

அவள் நம்பர் எழுதாமலே சீட்டை நீட்டினாள். உள்ளே டாக்டர் ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்தார். "மெஷின் கோளாறு. நடக்கறதுதான்" என்றார். மாஸ்டர் காத்திருந்தார். டாக்டர் இன்னும் ஏதாவது சொல்வார், நானும் கையைப் பார்த்திருக்கலாம் என்றாவது சொல்வார் என்று நின்றார். டாக்டர் மணியை அடித்தார்.

"டாக்டர், உங்க வாசல்ல இருக்கற பட்டையும் அதே அளவுதான்."

"பாக்கலாம்" என்றார் டாக்டர், கதவைப் பார்த்தபடி.

வெளியே வரும்போது உள்ளே நுழைந்தவர் ஒரு லாரி டிரைவர். கதவை அடைக்கிற உடம்பு. மேல்கை பதினாறு இருக்கும், குறையாது. கையில் 158 என்று கிறுக்கிய துண்டுச் சீட்டு. மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. மாமியார் போகலாம் என்றார். மாஸ்டர் நகரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஐந்து நிமிடத்தில் டிரைவர் வெளியே வந்தார், புதுச் சீட்டோடு.

"என்ன சொன்னார்?"

"ஒரு மாத்திரை கூட்டியிருக்கார். ஏன் சார்?"

மாஸ்டர் பையைத் திறந்தார். "இப்படி உக்காருங்க. உங்களுக்கு அவசரமில்லைன்னா ஒரு தடவை பாத்திடலாம்."

உதவியாளர் பெண் எழுந்து வந்தாள். "சார், இங்க அதெல்லாம் பண்ணக்கூடாது. டாக்டர் என்னைத் திட்டுவார்."

"திட்டட்டும்" என்றார் மாமியார். வகுப்பறைக் குரல் முழுசாகத் திரும்பியிருந்தது. "நான் பதில் சொல்லிக்கறேன். நீ உக்காரும்மா." அப்புறம் டிரைவர் பக்கம் திரும்பினார். "சாஞ்சு உக்காருங்க தம்பி. கால் ரெண்டையும் கீழ வைங்க. அஞ்சு நிமிஷம் வாயைத் திறக்கக்கூடாது."

அவ்வளவு பெரிய ஆள் சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். காத்திருந்த மற்ற நாலு பேரும் ஏனோ பேச்சை நிறுத்தினார்கள். மாஸ்டர் சட்டைக் கையைத் தோள் வரைக்கும் ஏற்றி, பட்டையைச் சுற்றி, இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்து, பொத்தானை அமுக்கினார்.

134.

டிரைவர் ஒரு கையில் மாத்திரைச் சீட்டையும் முழங்காலில் மெஷினையும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். "இப்ப நான் எதை நம்பறது?"

ஒரு தடவை எடுத்த நம்பரை நம்பச் சொல்லும் தைரியம் மாஸ்டருக்குப் போய்விட்டிருந்தது. மாத்திரை சாப்பிடாதே என்று சொல்ல அவர் யார்.

"உள்ள போய் அவர்கிட்டயே கேளுங்க" என்றார் மாமியார். "ரெண்டு நம்பரையும் சொல்லிக் கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் எழுந்திருக்காதீங்க."

டிரைவர் எழுந்தார். உதவியாளர் பெண், "டோக்கன் இல்லாம போகக்கூடாது" என்றாள். அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். உள்ளேயிருந்து, "மறுபடியும் என்ன?" என்று டாக்டரின் குரல் கேட்டது.